வில்லியம் லாம்ப்டன்: குமரியில் தொடங்கும் இந்திய அளவுக்கோட்டை வரைந்தவரின் பெயர் ஏன் எந்தச் சிகரத்துக்கும் இல்லை?

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழரா நீங்கள்? அப்படியென்றால் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது நாகர்கோவில் சாலையை மேப்பில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே டிராஃபிக் என்று இரண்டு நொடியில் பதில் வந்துவிடும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

நீங்கள் வரைபட மென்பொருளோடு வேலை செய்பவர் என்றால் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டிருக்கும். பழைய இந்திய வரைபடம் ஒன்றை ஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றும்போது, பூமியின் உருவத்துக்கு எந்தக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கும். அந்தப் பட்டியலில் 'எவரெஸ்ட் 1830' என்று ஒரு பெயர் இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாமே கொஞ்சம் தள்ளிப்போய்விடும். ஒரு தெருவில் இருக்க வேண்டிய கிணறு பக்கத்துத் தெருவில் போய் விழும்.

எவரெஸ்ட் என்றதும் மலை ஞாபகம் வரும். அந்த மலைக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட்தான் இந்தக் கணக்கையும் போட்டவர். ஆனால் அவர் கையில் வைத்திருந்த அளவுகளில் பெரும்பங்கு இன்னொருவர் இருபது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்தவை. அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன்.

சென்னை பெரும்பாக்கத்திலிருந்து தஞ்சைப் பெரிய கோவில் வழியாக, அன்று திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி வரை நீளும் அவரது கதையை இங்கே பார்க்கலாம்.

அதற்கு முன் வரைபடங்கள் எப்படி இருந்தன?

வரைபடம் என்பது முதலில் கேள்விஞானம்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த தாலமி, வணிகர்களும் மாலுமிகளும் சொன்ன தகவல்களை வைத்து உலகின் ஊர்களைப் பட்டியலிட்டார். கேரளக் கடற்கரையின் முசிறியும் குமரி முனையும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து வரைந்த வரைபடங்களில் தென்னிந்தியாவைத் தேடிப் பாருங்கள். முக்கோணமாகக் கடலுக்குள் நீளும் நம் தீபகற்பமே இருக்காது. கடற்கரை கிட்டத்தட்ட நேர்கோடாகப் போகும். அதற்குக் கீழே இலங்கை மட்டும் பூதாகரமாக நிற்கும்.

வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. 1502ஆம் ஆண்டின் கான்டினோ உலக வரைபடத்தில் தென்னிந்தியா நமக்குத் தெரிந்த முக்கோண வடிவத்துக்கு வந்துவிட்டது. கப்பலில் போனவர்கள் கரையைப் பார்த்துப் பார்த்து வரைந்தது அது. கரை தெரிந்தது, உள்நாடு தெரியவில்லை.

உள்நாட்டைப் பெரிய அளவில் தொகுத்தவர் ஜேம்ஸ் ரென்னல். 1780களில் வெளிவந்த அவரது ஹிந்துஸ்தான் வரைபடம் அந்தக் காலத்தின் சாதனை. ஆனால் அதன் அடித்தளம் என்ன? படைகள் நடந்த வழிகள், தூரம் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனவர்களின் குறிப்புகள், திசைகாட்டி, பயணிகளின் கணிப்பு. சக்கரம் சாலையின் வளைவு நெளிவு எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். நூறு மைல் போனால் அதில் எத்தனை மைல் வளைவு, எத்தனை மைல் நேர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிழை மேல் பிழையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இந்தப் பிழையை ஒழிக்க ஒரு வழி ஐரோப்பாவில் அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. இந்தியாவில் அதைப் பெரிய அளவில் செய்து காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

யார் இந்த லாம்ப்டன்?

லாம்ப்டன் பிறந்தது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில். பிறந்த ஆண்டே உறுதியாகப் பதிவாகவில்லை. 1753 முதல் 1756 வரை வெவ்வேறு ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. பின்னாளில் ஓர் அங்குலப் பிழைக்காகத் தூக்கம் கெட்டவரின் வயதையே நாம் தோராயமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது!

கணக்கு நன்றாக வரும் பையன். படித்து ராணுவத்தில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் இருந்த 33ஆவது படைப்பிரிவு, 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் படையில் ஒன்று. விடுதலையான பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில், படைமுகாம்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சாதாரண வேலை கிடைத்தது. ஏறத்தாழ 13 ஆண்டுகள் அங்கேதான். குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து பிரித்துக் கொடுக்கும் வேலையில் அளவைத் தொழிலைக் கற்றுக்கொண்டார். மீதி நேரத்தில் கணிதமும் வானியலும் படித்தார். சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டது.

ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெரிய பதவி இல்லை. ஒரு கண் சரியில்லை. இன்றைய அலுவலக மொழியில் சொன்னால், கேரியர் முடிந்துபோன ஆள். அந்த நிலையில்தான் 1790களின் பிற்பகுதியில் தன் பழைய படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பிரிவின் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவர்தான். இந்த அறிமுகம்தான் லாம்ப்டனுக்குக் கதவைத் திறந்தது.

நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு படையைக் காப்பாற்றியவர்

1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான நான்காம் மைசூர் போர். ஓர் இரவு ஜெனரல் பெயர்டின் படை ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அருகே இருட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் அந்தப் படையில் ஓர் அதிகாரி. தெற்கே போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் படை உண்மையில் வடக்கே, எதிரி முகாமை நோக்கிப் போகிறது என்று நட்சத்திரங்களின் இருப்பை வைத்து அவர் சொன்னார். தளபதிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. திசைகாட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் லாம்ப்டன் சொன்னது சரி என்று தெரிந்தது.

திப்பு வீழ்ந்தார். மைசூர் நிலப்பரப்பு கம்பெனியின் பிடிக்குள் வந்தது. பிடித்த நிலத்தை அளக்க வேண்டும் என்ற தேவையும் வந்தது. மைசூரின் ஊர்கள், ஏரிகள், வயல்களை விவரமாக வரையும் வேலை காலின் மெக்கன்சியிடம் போனது. லாம்ப்டன் முன்வைத்த திட்டம் வேறு மாதிரியானது. சென்னைக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை, கணிதத்தால் சரிபார்க்கப்பட்ட புள்ளிகளை நிறுவ வேண்டும். பிறகு யார் எந்த வரைபடம் வரைந்தாலும் அந்தப் புள்ளிகளில் பொருத்திக்கொள்ளலாம் என்றார்.

அவருக்கு உள்ளூர இன்னொரு ஆசையும் இருந்தது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்பது தெரிந்த விஷயம். எவ்வளவு தட்டை என்பதற்குத் துல்லியமான விடை வேண்டுமென்றால், வெவ்வேறு அட்சரேகைகளில் ஒரு டிகிரி நீளத்தை அளந்து ஒப்பிட வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள நம் தெற்கு அதற்கு மிகப் பொருத்தமான இடம்.

இதற்கெல்லாம் எதற்குச் செலவு என்ற கேள்வி அன்றும் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டினம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குபவரிடம் சொன்னால் போதாதா என்று மதராஸ் நிதிக் குழுவில் ஒருவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆனால் வெல்லெஸ்லியின் பரிந்துரை இருந்தது, மதராஸ் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது.

சீனப் பேரரசர் வேண்டாம் என்ற சங்கிலி

கருவிகளின் கதையே தனி சினிமா. அளக்கும் எஃகுச் சங்கிலி 100 அடி நீளம். இரண்டரை அடி நீளத்தில் 40 கண்ணிகள். லண்டனின் புகழ்பெற்ற கருவித் தயாரிப்பாளர் ராம்ஸ்டன் செய்தது. மெக்கார்ட்னி தூதுக்குழு 1793இல் சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன பரிசுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஏற்கப்படாமல் திரும்பி, கல்கத்தா வழியாக லாம்ப்டன் கைக்கு வந்தது.

கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை ஏறத்தாழ அரை டன். கிடைமட்ட வட்டம் மட்டும் 3 அடி விட்டம். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்ததும் இது அறிவியல் கருவி என்று புரிந்தது. போரில் எதிரி நாடு என்றாலும், மரியாதையாகப் பேக் செய்து மதராஸுக்கே அனுப்பி வைத்தார்கள்.

பெரும்பாக்கத்தில் முடிந்த முதல் கோடு

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கு அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரை ஒரு நேர்கோட்டை அளக்கும் வேலை தொடங்கியது. நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கும் சோழிங்கநல்லூர் பக்கம்தான் அந்தக் கோட்டின் தென்முனை.

இதுக்கு ஒரு நாள் போதாதா என்று கேட்கிறீர்களா? பைக்கில் போனால் அரை மணி நேரம்தான். ஆனால் வேலை மே மாதம் 22 வரை இழுத்தது. காரணம், எஃகு வெயிலில் நீளும். சித்திரை வெயிலில் சங்கிலியின் நீளம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நிழலில் கிடத்தி, முக்காலிகளில் தாங்கி, மட்டம் பார்த்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெப்பம் எவ்வளவு என்று எழுதி, அதற்குத் தக்கபடி நீளத்தைத் திருத்தினார்கள். ஒருமுறை 100 அடி. பிறகு பெட்டிகளைத் தூக்கி முன்னால் வைத்து மறுபடி 100 அடி. இப்படி 400 முறை.

இவ்வளவு பாடு ஏன்? ஏனென்றால், கணக்கு எல்லாம் தொடங்குவது தரையில் நேரடியாக அளந்த இந்தக் கோட்டிலிருந்துதான். இதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான மைல்களுக்குக் கோணங்களும் கணக்கும்தான். இதில் ஓர் அங்குலம் தப்பினால் அந்தத் தப்பு மங்களூர் வரை கூடவே வரும்.

முக்கோணம் எப்படி வேலை செய்கிறது?

பள்ளியில் படித்ததுதான். கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் நீங்களும் நண்பரும் சரியாக ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. உங்கள் இடத்திலிருந்து நண்பரையும் கப்பலையும் பார்த்து, இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்கிறீர்கள். அவரும் அதேபோல அளக்கிறார். இப்போது ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் உங்கள் கையில். மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். கடலில் கால் நனைக்காமல் கப்பலின் தூரம் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்!

கப்பல் இருக்கும் இடத்தில் ஒரு மலையை வையுங்கள். இப்போது நீளம் தெரிந்த அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதன் பக்கத்தை வைத்து அதற்கடுத்தது. மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் கோணங்களை மட்டும் அளந்துகொண்டே ஒரு நாட்டையே கடக்கலாம். சாலை வளைந்தால் என்ன, நடுவில் ஆறு குறுக்கிட்டால் என்ன?

இதில் இன்னொரு வசதி உண்டு. வெகுதூரம் போன பிறகு கடைசி முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மறுபடியும் சங்கிலியால் தரையில் அளந்து பார்க்கலாம். கணக்கு சொன்ன நீளமும் சங்கிலி சொன்ன நீளமும் ஒத்துப்போகிறதா? 1804இல் பெங்களூரு அருகே லாம்ப்டன் குழு அதைச் செய்தது. சென்னையிலிருந்து அத்தனை முக்கோணங்களைத் தாண்டி வந்த பிறகும் வித்தியாசம் சில அங்குலங்கள் மட்டுமே.

தன் வேலையைத் தானே பிடித்துக்கொடுக்கும்படி அமைத்துக்கொள்வது. லாம்ப்டனின் தொழிலுக்கு உயிர்நாடி இதுதான். மென்பொருள் எழுதுபவர்களுக்கு டெஸ்டிங் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

காணாமல் போன 40 மைல்

முக்கோணங்கள் மங்களூர் கடற்கரையைத் தொட்டபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பழைய வரைபடங்களின்படி அந்த இடத்தில் தீபகற்பத்தின் அகலம் சுமார் 400 மைல். லாம்ப்டனின் கணக்கில் 360 மைல்தான் வந்தது. நாற்பது மைல் நாட்டை ஒரு மனிதர் காகிதத்திலிருந்து அழித்துவிட்டார். பழைய வரைபடங்களின் ஆதரவாளர்கள், குறிப்பாக ரென்னல், இதைச் சுலபமாக ஏற்கவில்லை. ஆனால் புது அளவுகளுக்குப் பின்னால் சரிபார்க்கக்கூடிய கணக்கு இருந்தது. எண்களோடு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

ராஜராஜன் கோவிலில் அறுந்த கயிறு

அடுத்து லாம்ப்டன் தெற்கே திரும்பினார். 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு நீண்ட முக்கோணச் சங்கிலி. பின்னாளில் 'பெரும் வில்' என்று பெயர் பெற்றது இதுதான்.

மைசூரிலும் கொங்கு நாட்டிலும் மலைகள் இருந்தன. காவிரிப் படுகையில் மலைக்கு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் வயல், தென்னை, பனை. தூரத்தைப் பார்க்கக்கூடிய ஒரே உயரம் கோவில் கோபுரங்கள். அதனால் அளவைக் குழு கோபுரங்களின் மேல் ஏறியது.

1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி கோபுரச் சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்துபோனது. இந்தியாவில் அதைப் பழுதுபார்க்க ஆளில்லை. லண்டனுக்கு அனுப்பினால் பல வருடம் போய்விடும்.

லாம்ப்டன் யாரையும் உள்ளே விடாமல் ஒரு கூடாரத்தில் கருவியோடு அடைந்துகொண்டார். ஆப்பு, திருகாணி, கப்பி என்று கிடைத்ததை வைத்து, நெளிந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து நேராக்கினார். ஆறு வாரங்கள் ஆயின. கருவி மறுபடி வேலைக்குத் தயாரானது. அதை வைத்துத்தான் மீதி தெற்கும் அளக்கப்பட்டது.

இந்த இடத்தில் நாம் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழனும் நிலம் அளந்தவன்தான். சுமார் கி.பி. 1001இல் சோழநாடு முழுக்க நிலத்தை அளக்க வைத்தவன். வேலியின் மிக நுண்ணிய பின்னம் வரை கணக்கிட்ட நில அளவுகள் அந்தக் காலக் கல்வெட்டுகளில் இருக்கின்றன. இந்தியாவில் நில அளவை லாம்ப்டனோடு பிறக்கவில்லை. ராஜராஜனின் கோல் ஒவ்வொரு வயலையும் அதன் வரியையும் அளந்தது. லாம்ப்டனின் முக்கோணம் வயல்களைத் தாண்டி, நாடு பூமியின் மேல் எங்கே இருக்கிறது என்பதை அளந்தது. இரண்டுக்கும் பின்னால் ஓர் அரசு இருந்தது என்பது மட்டும் பொது.

திருவிதாங்கூரின் வாசலில் 1809

அந்தப் பொதுவான விஷயம் இங்கே முக்கியம். லாம்ப்டனின் முக்கோணங்கள் திருநெல்வேலியைத் தாண்டிக் கன்னியாகுமரிப் பக்கம் வந்தது 1809இல். அப்போது குமரி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. தலைநகர் திருவனந்தபுரம். 1956இல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

1809 திருவிதாங்கூருக்கு எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? கம்பெனிக்கு எதிராக வேலுத்தம்பி தளவாய் கிளர்ந்தெழுந்த ஆண்டு. பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை அரண்களைத் தாண்டிக் கம்பெனிப் படை உள்ளே நுழைந்தது. அடுத்த மாதம் வேலுத்தம்பி மண்ணடியில் உயிரைவிட்டார். நீங்கள் காரில் கடந்துபோகும் அதே ஆரல்வாய்மொழிக் கணவாய்தான். படை வந்த ஆண்டிலேயே அளவைக் கருவியும் இந்தப் பக்கம் வந்தது.

லாம்ப்டன் மனதில் பூமியின் வடிவம் இருந்திருக்கலாம். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் மனதில் படை போகும் வழியும் வரி வரும் நிலமும் இருந்தன. இரண்டும் ஒரே கருவியால், ஒரே நேரத்தில் நடந்தன. இந்தக் கதையைப் பாராட்டாக மட்டும் சொன்னாலும் தப்பு, குற்றச்சாட்டாக மட்டும் சொன்னாலும் தப்பு.

அடுத்த கட்டமும் சீக்கிரமே வந்தது. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் தொடங்கி, 1816 முதல் 1820 வரை, பெஞ்சமின் ஸ்வெயின் வார்டும் பீட்டர் ஐர் கானரும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்தார்கள். ஆறு, மலை, கோவில், பயிர், மக்கள் என்று எல்லாவற்றையும் குறிப்பாக எழுதினார்கள். அந்தக் குறிப்பேடு 1863இல் திருவனந்தபுரத்தின் சர்க்கார் அச்சகத்தில் அச்சானது. இருநூறு வருடத்துக்கு முந்தைய தென்கேரளமும் குமரியும் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்றும் வரலாற்றாசிரியர்கள் புரட்டும் நூல் அது.

திருவனந்தபுரம் வெறுமனே அளக்கப்பட்ட ஊராக நின்றுவிடவும் இல்லை. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா ஊருக்குள் ஒரு குன்றின் மேல் வானாய்வகம் அமைத்தார். ஜான் கால்டெகாட் அதன் முதல் இயக்குநர். ஓர் ஊரின் இடத்தை நட்சத்திரங்களைக் கொண்டு நிர்ணயிக்கும் கலை இப்போது சமஸ்தானத்தின் கையிலும் வந்தது. இன்று அந்த வானாய்வகம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

தூக்கியவர்கள் யார்?

அரை டன் கருவி தானாக மலை ஏறாது. தூக்கியவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள், மலை உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், கூடாரம் அடித்தவர்கள் எல்லாரும் இந்தத் தெற்கின் ஆட்கள். மழை பெய்து காற்று தெளிந்த நாட்களில்தான் தூரத்து மலை தெளிவாகத் தெரியும். அதே மழைக்காலத்தில்தான் காட்டுக் காய்ச்சலும் வரும். எத்தனை பேர் அதில் போனார்கள் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இல்லை.

பெயர் தெரிந்த சிலரில் ஒருவர் ஜோஷுவா டி பென்னிங். மதராஸ் அளவைப் பள்ளியில் பயின்ற சிறுவனாக வந்து, லாம்ப்டனின் நம்பிக்கைக்குரிய உதவியாளராக வளர்ந்தவர். அந்தப் பள்ளி, ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1794இல் தொடங்கப்பட்டது. இந்தியாவை அளந்த கணக்குகளில் கணிசமான பகுதி அந்தப் பையன்களின் கையெழுத்தில்தான் இருக்கிறது.

கடைசி ஆண்டுகள்

1815வாக்கில் தெற்கு வேலை பெரும்பாலும் முடிந்து லாம்ப்டன் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தார். 1817இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பிரெஞ்சு அறிவியல் கழகமும் அங்கீகரித்தது. 1818இல் அவரது பணி கல்கத்தா அரசின் கீழ் வந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவை என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் அவருக்கு உதவியாளராக ஓர் இளைஞர் நியமிக்கப்பட்டார். அவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்.

லாம்ப்டன் ஓய்வு பெறவில்லை. எழுபது வயதை நெருங்கியும் கூடாரத்தோடு நாக்பூரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். 1823 ஜனவரி 20ஆம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், வழியிலேயே இறந்தார். கல்லறையும் அங்கேயே. அதுவரை முக்கோணங்களால் மூடிய பரப்பு சுமார் 1,65,000 சதுர மைல்.

மலை எவரெஸ்ட்டுக்கு, கணக்கு யாருக்கு?

எவரெஸ்ட் பொறுப்பேற்று, புதிய கருவிகளோடு முக்கோணங்களை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். குமரியிலிருந்து கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். அவர் 1843இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு, அந்த முக்கோணங்களின் நீட்சியிலிருந்துதான் இமயச் சிகரங்களின் உயரம் கணிக்கப்பட்டது. 1852இல் 'சிகரம் 15' உலகிலேயே உயரமானது என்ற கணக்கில் முக்கியப் பங்கு வகித்தவர் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளக் கணிதவியலாளர். 1856இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய அளவு 8,848.86 மீட்டர். வித்தியாசம் ஒன்பது மீட்டர் அளவுதான்.

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் சூட்டப்பட்டது. இந்தப் பெயர் வேண்டாம் என்று எவரெஸ்ட்டே சொல்லிப் பார்த்தார். சிக்தருக்கு 2004இல் ஓர் அஞ்சல்தலை கிடைத்தது. லாம்ப்டன் பெயரில் சிகரம் எதுவும் இல்லை.

ஆனால் அவரது அளவுகள் போகவில்லை. 1830இல் எவரெஸ்ட் வெளியிட்ட பூமியின் உருவக் கணக்கில் லாம்ப்டனின் தென்னிந்திய வில் அடங்கியிருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கணக்கின் மேல்தான் வரையப்பட்டன. 2005இன் தேசிய வரைபடக் கொள்கைதான், பொதுமக்களுக்கான வரைபடங்களைச் செயற்கைக்கோள் காலத்தின் உலக அளவுமுறைக்கு மாற்றச் சொன்னது. நம் அப்பாக்கள் கையில் வைத்திருந்த அரசு வரைபடங்கள் வரை லாம்ப்டனின் சங்கிலி நீண்டிருந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்?

இன்று உங்கள் போனின் நீலப் புள்ளியைத் தருவது செயற்கைக்கோள்கள். அதற்குச் சங்கிலியும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஆனால் லாம்ப்டன் காலத்தின் இரண்டு கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன.

முதலாவது, அளவு யார் கையில் இருக்கிறது என்பது. 2021 பிப்ரவரியில்தான் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தரவுகளைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் மத்திய அரசு வழிவிட்டது. அதுவரை இந்த நாட்டை விவரமாக வரைவதற்கு இந்த நாட்டவரே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஒரு படையோடு வந்த வரைபடம், மக்கள் கைக்கு வர இருநூறு வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது, அந்த அளவை எப்படி நம்புவது என்பது. மேப் காட்டும் வழி கால்வாயில் போய் முடிந்ததாகச் செய்திகளில் படிக்கிறோம். திரையில் தெளிவாக இருப்பதெல்லாம் தரையில் சரியாக இருக்க வேண்டியதில்லை. 12 கிலோமீட்டர் அளக்கச் சித்திரை வெயிலில் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, பிறகு பெங்களூருவில் தன் கணக்கைத் தானே சோதித்த அந்த மனிதருக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை ஜிஐஎஸ் மென்பொருளில் 'எவரெஸ்ட் 1830' என்ற வரி கண்ணில் பட்டால், தாண்டிப் போகும் முன் ஒரு நொடி நில்லுங்க. அந்த வரிக்குள் பெரும்பாக்கத்தின் வெயிலும், தஞ்சையில் அறுந்த கயிறும், குமரி மலைகளில் கொடி பிடித்து நின்ற பெயர் தெரியாத ஆட்களும் இருக்கிறார்கள்.